தீர்ப்பு வந்த பிறகும் முடியாத வழக்கு

விவாகரத்துத் தீர்ப்பு ஒரு திருமணத்தைச் சட்டப்படி முடித்து வைக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். இருவரில் யார் நல்லவர், இனி தன்னை யாராவது விரும்புவார்களா என்பதற்கெல்லாம் அதில் பதில் இருக்காது. ஆனால் விவாகரத்துப் பெற்றவர்களில் பலர், தீர்ப்பு நகலைக் கையில் வாங்கிய பிறகும் அந்தப் பதிலுக்காகவே காத்திருக்கிறார்கள். முன்னாள் துணை என்றாவது தவறை ஒப்புக்கொள்வார், உறவினர்கள் உண்மையைப் புரிந்துகொள்வார்கள், இன்னொருவர் வந்து கைப்பிடித்துவிட்டால் தன்மேல் குற்றமில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். தன்மதிப்பு திரும்பி வருவதற்கு முதல் தடை இந்தக் காத்திருப்புதான்.

இதைச் சட்டமும் ஓரளவு பழக்கிவிடுகிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பெரும்பாலும் எதிர்த்தரப்பின் தவறை நிரூபிக்கச் சொல்கிறது: கொடுமை, கைவிட்டுச் செல்லுதல், பிறரோடு உறவு. ஆகவே வழக்கறிஞர் எண்ணிட்ட பத்திகளாகக் குற்றங்களை அடுக்குகிறார். மாமியாரை மதிக்கவில்லை, நேரத்துக்குச் சமைக்கவில்லை, அடிக்கடி தாய்வீடு போய்விடுவார் என்று ஒரு தரப்பு எழுதும். சம்பளம் முழுவதையும் தன் தாயிடம் கொடுப்பார், குடிப்பார், கைநீட்டுவார் என்று பதில் மனு சொல்லும். இரண்டிலும் உண்மை உண்டு; வழக்கு நிற்பதற்காகச் சேர்த்ததும் உண்டு. வாழ்நாளில் தன்னைப் பற்றி எழுத்தில் படிக்கும் மிக நீண்ட விவரணை பலருக்கு இதுவாகத்தான் அமைகிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் நடத்தை பற்றி ஒரே ஒரு சொல் இருக்கும். மனுவிலோ பக்கம் பக்கமாக. வழக்கு முடிந்த பிறகு அந்த வரிகளை மறந்தவர்கள் குறைவு.

1976-ஆம் ஆண்டுத் திருத்தம் 13-பி என்ற பிரிவைச் சேர்த்து, இருவரும் ஒப்பிப் பிரிய வழி செய்தது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதக் காத்திருப்பை உரிய வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இனிச் சேரவே வழியில்லாதபடி முறிந்துபோன திருமணத்தைத் தன் சிறப்பு அதிகாரத்தால் கலைக்கலாம் என்று 2023-இல் அதன் அரசியல் சாசன அமர்வு கூறியது. போகும் திசை தெரிகிறது: யார் குற்றவாளி என்று கேட்பதைச் சட்டம் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிறது. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், விவரங்களை வெளியிடக் கூடாது என்றும் அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த நாகரிகம் சொந்தபந்தங்களுக்கு இன்னும் வரவில்லை. கல்யாண மண்டப வாசலில் சந்தனம் பன்னீரோடு நிற்கும் சித்தி, "மாப்பிள்ளை வரலையா?" என்று தெரிந்தே கேட்பார். வளைகாப்பில் நலங்கு வைக்கும் வரிசை வரும்போது, கணவனைப் பிரிந்தவள் பக்கம் மட்டும் யாருடைய கண்ணும் திரும்பாது. யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு விசாரணை நடந்து முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் காலங்காலமாக இப்படித்தான் என்ற பேச்சு சரியல்ல. உழைக்கும் சாதிகள் பலவற்றில் ஊர்ப் பஞ்சாயத்தின் முன் உறவைத் தீர்த்துக்கொள்வது, பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, பெண் வேறொருவரைக் கட்டிக்கொள்வது எல்லாம் நடைமுறையில் இருந்தன. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், ஊரார் முன் துரும்பைக் கொடுத்து மணத்தை முடித்துக்கொள்ளும் வழக்கம்கூடப் பதிவாகியிருக்கிறது. வழக்காற்றின்படி நடக்கும் மணவிலக்கை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இன்றும் ஒதுக்கிவிடவில்லை. 'அறுத்துக்கட்டுகிற சனம்' என்று மேலே இருந்தவர்கள் ஏளனம் செய்ததைப் பொறுக்காமல், நாலு காசு சேர்த்து மேலேறிய குடும்பங்கள் முதலில் கைவிட்டவற்றுள் இந்த உரிமையும் ஒன்று. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கல்யாண விடுதலை', 'மறுமணம் தவறல்ல' என்று இரண்டு தனி அத்தியாயங்களே உண்டு. சென்னை மாகாணமோ மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 1949-இல், இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்து உரிமையும் தந்தது. விவாகரத்தானவர் தலைகுனிய வேண்டும் என்பது பலருடைய பாட்டிகளுக்கே தெரியாத வழக்கம். இதை அறிந்துகொள்வதால் மனவலி தீர்ந்துவிடாது. வலியோடு ஒட்டிக்கொண்ட வெட்கத்தைப் பிரித்துப் பார்க்க மட்டும் உதவும்.

வலி வேறு, வெட்கம் வேறு. அமெரிக்க மருத்துவர்கள் ஹோம்ஸும் ரேயும் 1967-இல் வெளியிட்ட வாழ்க்கை நெருக்கடிப் பட்டியலில் துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள். அடுத்த இடத்தில் 73 புள்ளிகளோடு விவாகரத்து. அதற்குக் கீழே 65 புள்ளிகளோடு பிரிந்து வாழ்தல். சிறைவாசம்கூட 63-தான். மணமுறிவுக்குப் பிறகு தூக்கம் கெடுவதும், பசி போவதும், வேலையில் கவனம் சிதறுவதும் அந்த அளவு பெரிய நிகழ்வுக்கு உடம்பும் மனமும் தரும் இயல்பான பதில். சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1975-இல் இன்னொன்றைச் சொன்னார்: அன்பு தீர்ந்துபோன பிறகும் பற்று நீடிக்கும். தன்னை அடித்தவரைக்கூட இரவில் தேடும் மனம் பைத்தியக்காரத்தனமல்ல. வெகுநாள் பக்கத்தில் இருந்த ஆளை இழந்த உயிர் அப்படித்தான் தவிக்கும். இதை அன்பென்று தப்பாக எண்ணித் திரும்பிப் போனவர்கள் உண்டு. இன்னமும் நினைவு வருகிறதே, தப்பான முடிவெடுத்துவிட்டோமோ என்று தன்னையே தண்டித்துக்கொண்டவர்கள் அதைவிட அதிகம்.

கூடவே 'நான் யார்' என்ற தெளிவும் மங்குகிறது. காதல் உறவு முறிந்தவர்களிடம் ஸ்லாட்டர், கார்ட்னர், ஃபிங்கெல் ஆகியோர் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. காரணம் எளிது. பத்தாண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு எந்தச் சாம்பார் பிடிக்கும், எந்த ஊருக்கு விடுமுறை போவது, ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழியும் என்பதெல்லாம் இருவரும் சேர்ந்து முடிவானவை. ஒருவர் விலகியதும் மற்றவருடைய பழக்கவழக்கங்களிலும் பாதி காணாமல் போகிறது. கல்யாணமான நாள்முதல் காரக்குழம்பே வைக்காத பெண், அது தனக்குப் பிடிக்காததால் வைக்காமல் இருந்தாளா, கணவனுக்குப் பிடிக்காததாலா என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தன்னை மீட்டெடுப்பது என்று பெரிதாகப் பேசப்படும் காரியம் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறது.

தன்மதிப்பு என்றால் தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்வதல்ல. 1965-இல் பத்துக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கிய மோரிஸ் ரோசன்பெர்க், 'பிறரைவிட உயர்ந்தவர்' என்ற எண்ணத்தையும் 'போதுமான அளவு நல்லவர்' என்ற எண்ணத்தையும் பிரித்துக் காட்டினார். அவர் அளக்க நினைத்தது இரண்டாவதை. உளவியலாளர் ஜெனிஃபர் கிராக்கர் போன்றோர் பிற்பாடு கேட்டது, அந்த மதிப்பை ஒருவர் எதன்மேல் நிறுத்தியிருக்கிறார் என்று. பிறர் ஒப்புதலின்மேலா, அழகின்மேலா, வேலையின்மேலா, தான் நேர்மையாக நடப்பதன்மேலா? நல்ல மனைவி, நல்ல மருமகள் என்று பெயர் எடுப்பதன்மேல் முழுக்க நிறுத்தியவருக்கு மணமுறிவில் தரையே போய்விடுகிறது. குடும்பத்தைக் கட்டிக் காப்பவன் என்ற பெயரின்மேல் நின்ற ஆணுக்கும் அதே கதிதான். அவன் அதை வெளியில் சொல்வதில்லை, டாஸ்மாக் வாசலில் தெரியும்.

பிறர் கையில் இருக்கும் ஒன்றின்மேல் மறுபடியும் மதிப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதே ஆட்டம் தொடரும். பலர் செய்யும் தவறு இதுதான். உடம்பை இளைக்க வைப்பது, சமூக ஊடகத்தில் சிரித்த முகமாகப் படம் போடுவது, 'அவங்க கண்ணு முன்னாடி வாழ்ந்து காட்டணும்' என்று வைராக்கியம் கொள்வது எல்லாம் பார்க்கத் தன்னம்பிக்கை போலவே இருக்கும். யார் பார்ப்பதற்காக என்று கேட்டால் பழைய துணையின் பெயர்தான் வரும். வாழ்ந்து காட்டுவதற்கு எதிரில் ஒருவர் வேண்டியிருக்கிறதே! வழக்கு இன்னும் நடக்கிறது என்றுதான் பொருள்.

உறுதியாக நிற்பவை சாதாரணமானவை. தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் அதில் வந்து விழும் சம்பளமும், குடும்ப அட்டையில் பெயரை நீக்கிச் சேர்க்கும் வேலையைத் தானே அலைந்து முடிப்பதும், எரிவாயு இணைப்பு, வாடகை ஒப்பந்தம், வண்டிக் காப்பீடு என்று இதுவரை இன்னொருவர் பார்த்துக்கொண்டதைக் கற்றுக்கொள்வதும் அவற்றில் சேரும். ஆணுக்கு இதே பட்டியல் அடுப்பங்கரையில் தொடங்கும். ரசம் வைக்கவும், பிள்ளைக்குத் தலை வாரிவிடவும், காய்ச்சல் என்றால் நள்ளிரவில் விழித்திருக்கவும் தெரிந்துகொண்ட ஆண், அடுத்த கல்யாணத்தை வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் பார்க்க மாட்டான். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணுக்கு மாதாமாதம் வீட்டுச் செலவுக்குத் தன் பங்கைக் கொடுப்பது முக்கியமான காரியம். தொகை சிறியதாக இருந்தாலும், அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடும் நிலையை அது மாற்றிவிடும். பணம் அன்பைக் கெடுக்கும் என்பவர்கள் பெரும்பாலும் அப்படிச் சாப்பிட்டுப் பழகாதவர்கள்.

தன் பங்குத் தவறைப் பார்ப்பதும் தன்மதிப்பின் பகுதியே. எல்லாம் என்னால்தான் என்பதும், எனக்கு இதில் ஒன்றுமே இல்லை என்பதும் ஒரே விசாரணையின் இரண்டு தீர்ப்புகள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பயனுண்டு: எந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும், எங்கே வாயை மூடிக்கொண்டோம், எதைத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தோம்? இது தண்டிப்பதற்கல்ல, அடுத்த முறை அடையாளம் கண்டுகொள்வதற்கு. அடி, மிரட்டல், வரதட்சணைக் கொடுமை இருந்த இடத்தில் மட்டும் இந்தக் கேள்வியை முதலில் எடுக்கக் கூடாது. அங்கே பாதிக்கப்பட்டவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்; முதல் தேவை பாதுகாப்பு, மனநல உதவி. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் அரசின் டெலி-மானஸ் சேவை இருக்கிறது.

தன்னிடம் கனிவாக இருப்பது சோம்பேறித்தனத்தில் கொண்டுபோய் விடும் என்ற ஐயம் பலருக்கு உண்டு. உளவியலாளர் டேவிட் ஸ்பாரா குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு மாறானது. அண்மையில் பிரிந்த 105 பேரை, தங்கள் முன்னாள் துணையைப் பற்றி நான்கு நிமிடம் தடையின்றிப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். தன்னைத் திட்டாமல், நடந்ததை மனிதருக்கு நேரும் துன்பங்களில் ஒன்றாகப் பார்த்துப் பேசியவர்கள் அடுத்த ஒன்பது மாதங்களில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். தோழியோ நண்பனோ இதே நிலையில் வந்து நின்றால் என்ன சொல்வோமோ அதைத் தனக்கும் சொல்லிக்கொள்ளலாம். இதற்குத் தனிப் பயிற்சி வகுப்பு தேவையில்லை, கூச்சம் விட்டால் போதும்.

புதிய அன்பு என்ற பேச்சு இங்கே பெரும்பாலும் உரியவரிடமிருந்து தொடங்குவதில்லை. வரன் பார்க்கும் வீட்டாரிடமிருந்து தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் மறுமணப் பகுதியைப் படித்தால் அந்த மொழி புரியும். 'சட்டப்படி விவாகரத்து, குழந்தை இல்லை', 'குறுகிய காலமே வாழ்ந்தவர்', 'பெயரளவுத் திருமணம்', 'இன்னசென்ட் டிவோர்சி'. வயதையும் சம்பளத்தையும் சொல்வதற்கு முன்பே ஜாமீன் கேட்பதுபோல் இருக்கும். அதன்பிறகு வருவது பேரம். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, கல்லூரி போகும் மகன் உள்ள ஐம்பது வயதுக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தி, "இந்த நிலைமையில இதுக்கு மேல என்னம்மா எதிர்பார்க்கிறே?" என்று அத்தை கேட்பார். அக்கறையோடுதான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்விக்குத் தலையாட்டினால், மணமுறிவு தன் விலையைக் குறைத்துவிட்டது என்பதற்கும் சேர்த்தே தலையாட்டியதாகும். அவசரமில்லை என்று சொல்ல முடிகிறதா என்பதைவிட நல்ல சோதனை வேறில்லை. தனிமைக்குப் பயந்து சொல்லும் 'சரி'யும், ஒருவரைப் பிடித்துச் சொல்லும் 'சரி'யும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் இருந்து, அதன்பின் சொல்லும் 'சரி'யைத்தான் நம்பலாம்.

இதற்கு நேரெதிரானது, இனி யாரையும் நம்புவதில்லை என்று கதவைச் சாத்திக்கொள்வது. முதலில் அது பாதுகாப்பாகவும் இருக்கும். சில மாதங்களுக்குத் தேவைகூட. நீடித்தால் பழைய துணை இல்லாத வீட்டிலும் அவருடைய சட்டமே நடக்கும். கணவன் தினமும் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்த ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். புதிதாகப் பழகும் ஒருவர், "எங்க இருக்கீங்க?" என்று செய்தி அனுப்புகிறார். மழை வருகிறதே, குடை கொண்டுபோனாரா என்று கேட்பதற்காக. அந்தப் பெண்ணுக்குக் கை சில்லிடுகிறது. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அது எதிரில் இருப்பவரைப் பற்றிய தகவலும் அல்ல. ஏன் கேட்டீர்கள் என்று கேட்டுப் பதிலைக் கவனிப்பதுதான் வழி. கேட்டதற்கே ஒருவர் கோபித்துக்கொண்டால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. விளக்கம் சொல்லி, அடுத்த முறை நினைவு வைத்துக்கொண்டு நடந்தால் அதுவும் தெரிந்துவிட்டது. குழந்தைப் பருவத்துப் பற்றைப் பற்றி ஜான் பௌல்பி தொடங்கிய ஆய்வை ஹேசனும் ஷேவரும் 1987-இல் பெரியவர்களின் காதலுக்கு நீட்டித்தார்கள். அந்த வழியில் வந்த ஆய்வுகளின்படி, நெருக்கத்தைப் பற்றிய ஒருவரின் பயமும் நம்பிக்கையும் ஆயுளுக்கும் உறைந்துபோனவை அல்ல. நம்பத்தக்க உறவில் நாள்பட மாறக்கூடியவை.

பழைய திருமணத்தைப் புதியவரிடம் எப்போது, எவ்வளவு சொல்வது? முறிந்தது என்பதையும் குழந்தை உண்டென்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனுவிலிருந்த பத்திகளை வரிசையாக ஒப்பிக்க வேண்டியதில்லை. முன்னாள் துணையைப் பற்றிப் பேசும்போது அரக்கனாகவோ தெய்வமாகவோ ஆக்காமல், சில நல்லதும் சில கெட்டதும் செய்த மனிதராகச் சொல்ல வருகிறதென்றால் ஆள் தயாராகி வருகிறார் என்று கொள்ளலாம். எதிரிலிருப்பவர் தன் முன்னாள் துணையைப் பற்றிப் பேசும் விதத்தையும் அப்படியே கவனிக்கலாம். எல்லாத் தவறும் அவள்மேல்தான் என்று மூச்சுவிடாமல் பேசுபவர், இன்னும் சில ஆண்டுகளில் யாரைப் பற்றி அப்படிப் பேசுவார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

குழந்தை இருந்தால் வேகத்தை அதுவும் சேர்ந்து முடிவு செய்யும். பார்வை உரிமைப்படி வாராவாரம் அப்பாவையோ அம்மாவையோ பார்த்துவிட்டு வரும் பிள்ளையிடம், 'அங்கே யார் வந்தாங்க, என்ன சொன்னாங்க' என்று துருவுவது அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுதான். புதியவரை வந்த அன்றே 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லாமல், மாமா என்றோ பெயர் சொல்லியோ தொடங்கினால் போதும். பிள்ளை ஒரு அப்பாவை ஏற்கெனவே வைத்திருக்கிறது.

சட்டத்திலும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்த பிறகே மறுமணம் செய்யலாம் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. 25-ஆம் பிரிவின்படி பெறும் நிரந்தர ஜீவனாம்சத்தை, மறுமணம் செய்துகொண்டால் நீதிமன்றம் மாற்றவோ நீக்கவோ முடியும். பெறுபவர் பெண் என்றால் கற்பு தவறியதைக் காட்டியும் நீக்கலாம் என்ற வாசகம் அதே பிரிவில் இன்னும் இருக்கிறது. விடுதலை கொடுத்த சட்டமே வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் இடம் அது. மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் இருவரும் சட்டப்படி மணந்துகொள்ளத் தகுதி உடையவர்களாக இருக்க வேண்டும் என்று கோவையிலிருந்து போன வழக்கொன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை வைத்தது. ஆகவே முறைப்படி விவாகரத்துப் பெறாமல் பிரிந்து மட்டும் வாழ்பவர் புது உறவில் இறங்கினால் அந்தக் காப்பு கிடைப்பது கடினம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்பவர்கள் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால் இது சிலருடைய பிரச்சினை மட்டுமல்ல.

அன்புக்குத் தயாராக இருப்பது கல்யாணத்துக்குத் தயாராக இருப்பதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நெருங்கிய தோழமை, அக்கா பிள்ளைகள், வேலை, ஊர் சுற்றல் என்று நிறைவாக வாழ்பவர்களைப் பார்த்து 'பாவம்' என்று இரங்குவது தேவையற்றது. அவர்கள் மறுமணத்தை மறுப்பது காயத்தினாலா, விருப்பத்தினாலா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. சில வேளை அவர்களுக்கே தெரிய நாளாகும். அதே கணக்கெடுப்பில் விவாகரத்தானவர்களிலும் பிரிந்தவர்களிலும் ஆண்களைவிடப் பெண்களே கூடுதல். ஆண்கள் அதிகமாகவும் சீக்கிரமாகவும் மறுமணம் செய்துகொண்டு அந்தக் கட்டத்தை விட்டு வெளியேறிவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மிஞ்சி நிற்கும் பெண்களில் ஏற்ற துணை கிடைக்காதவர்கள் எத்தனை பேர், வந்த பேரத்தைப் பார்த்து வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர் என்று படிவத்தில் கேள்வி இல்லை.